தண்ணிக்குள்ளயே மீனுக்கு எப்பிடி மூச்சு முட்டுது? பேர வாவிய வச்சு ஒரு விளக்கம்

கொழும்பு பேர வாவியில மீன் செத்து மிதக்கிற படம் ஒண்டு ஃபோன்ல சுத்தத் தொடங்கினா போதும், கூடவே ரெண்டு கேள்வியும் சுத்தத் தொடங்கிரும். ஒண்டு, யார் நஞ்சு கலந்தது? மற்றது, "ஒட்சிசன் குறைஞ்சதால செத்திருக்கு" எண்டு செய்தியில போட்டா, தண்ணிக்குள்ளயே பிறந்து தண்ணிக்குள்ளயே வளர்ற மீனுக்கு எப்பிடி மூச்சு முட்டும், அதுவும் முதல் நாள் நல்ல மழை பெஞ்சதே, மழை பெஞ்சா தண்ணி சுத்தமாகத்தானே வேணும், அப்ப இவங்க எதையோ மறைக்கிறாங்க எண்டு கதை வளரும்.

சந்தேகப்படுறதில பிழை இல்ல. ஆனா மீன் எப்பிடி மூச்சு விடுது எண்டது தெரியாம சந்தேகப்பட்டா, உண்மையிலயே நஞ்சு கலந்த நாளைக்கும் எங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அதால அடியில இருந்து வருவம்.

தண்ணியில ஒட்சிசன் எவ்வளவுதான் இருக்கு?

முதல்ல ஒரு பெரிய குழப்பத்த எடுத்துருவம். தண்ணி எண்டாலே ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்ததுதான் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பம், அப்ப மீன் அந்த ஒட்சிசனத்தான் பிரிச்சு எடுக்குது எண்டு கனபேர் நினைக்கிறாங்க. அப்பிடி இல்ல. அந்தப் பிணைப்ப உடைக்க எந்த மீனாலயும் ஏலாது. மீன் எடுக்கிறது தண்ணிக்குள்ள கரைஞ்சு கிடக்கிற வேற ஒட்சிசன, சோடாப் போத்தலுக்குள்ள காஸ் கரைஞ்சு கிடக்குதே அது மாதிரி. இதுக்குப் பேர் கரைந்த ஒட்சிசன்.

அது மிச்சம் கொஞ்சம். நாங்க மூச்சு விடுற காத்தில ஒரு லீட்டருக்குள்ள கிட்டத்தட்ட 270 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கு. கொழும்பு வெக்கையில, 28 பாகை செல்சியஸ் அளவில, ஒரு லீட்டர் நல்ல தண்ணி தாங்கக்கூடிய முழு அளவே 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவு. முப்பது மடங்குக்கும் மேல வித்தியாசம். கடல் தண்ணியில உப்பு இருக்கிறதால இன்னும் குறைவு, 6 மில்லிகிராம் சொச்சம்தான்.

சூடு கூடக் கூட இது இன்னும் குறையும். 0 பாகையில ஒரு லீட்டர் தண்ணி 14.6 மில்லிகிராம் பிடிக்கும், 30 பாகையில 7.6 அளவுதான். தண்ணி சூடாகும்போது மீன்ட உடம்பும் வேகமா ஓடும், சூடு 10 பாகை கூடினா மீனுக்குத் தேவைப்படுற ஒட்சிசன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும். வரவு குறையிற அதே நேரம் செலவு கூடுது. குளிர் நாட்டு மீனுக்கு இல்லாத ஒரு நெருக்கடி எங்கட மீனுக்கு எப்பவுமே இருக்கு எண்டதுக்கு இதுதான் காரணம்.

இதோட தண்ணி பாரம், காத்தை விட 800 மடங்கு அளவு அடர்த்தி. நாங்க மூச்சு இழுத்து விடுறதுக்குச் சக்தி செலவாகிற மாதிரியே தெரியாது, ஆனா மீன் சும்மா நிக்கும்போதே மூச்சு விடுற வேலைக்கு மட்டும் தன்ட சக்தியில பத்தில ஒரு பங்கு அளவு குடுக்க வேண்டியிருக்கு.

பூ செய்யிற வேலை

மீன் வாங்கப் போனா முதல்ல பூவைத் தூக்கிப் பாப்பம்தானே, சிவப்பா இருந்தா புதுசு, மங்கிக் கிடந்தா பழசு எண்டு. அந்தப் பூதான் மீன்ட மூச்சு உறுப்பு, இந்தியாவில செவுள் எண்டு சொல்றது. சிவப்பா இருக்கிறதுக்குக் காரணம் அதுக்குள்ள அவ்வளவு ரத்தம் ஓடுறதுதான்.

நடக்கிற விஷயம் இதுதான்:

1. மீன் வாயைத் திறந்து தண்ணிய உள்ள எடுக்கும், வாயை மூடி அதைப் பின்னால தள்ளும், தண்ணி பூவுக்கு மேலால ஓடி ரெண்டு பக்கமும் இருக்கிற பூமூடி வழியா வெளிய போகும். மீன் வாயைத் திறந்து திறந்து மூடுறது தண்ணி குடிக்கிறதுக்கு இல்ல, இது ஒரு பம்ப்.

2. எங்கட மூச்சு போற வழியாலயே திரும்பி வரும், உள்ள போற புதுக் காத்தும் வெளிய வாற பழைய காத்தும் ஒரே குழாய். மீனுக்கு ஒரு வழிப் பாதை. பாரமான தண்ணிய உள்ளயும் வெளியயும் திருப்பித் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தா கட்டுப்படியாகாது.

3. ஒரு பக்கத்துக்கு நாலு வளைவு, ஒவ்வொரு வளைவிலயும் வரிசையா சீப்புப் பல் மாதிரி இழைகள், ஒவ்வொரு இழையிலயும் ரெண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தட்டுகள். அந்தத் தட்டுட தோல் ஒரு மில்லிமீற்றர்ல ஆயிரத்தில சில பங்குதான் தடிப்பம். தண்ணியில இருந்து ஒட்சிசன் அதால கசிஞ்சு ரத்தத்துக்குப் போகும், காபனீரொட்சைட்டு மற்றப் பக்கம் வரும்.

4. எல்லாத்தையும் விடக் கெட்டித்தனமான இடம், தண்ணி ஒரு திசையில ஓடும், தட்டுக்குள்ள ரத்தம் அதுக்கு எதிர்த் திசையில ஓடும். எதிரோட்டம் எண்டு இதைச் சொல்றது.

இந்த நாலாவது விஷயத்தில கொஞ்சம் நிண்டு பாக்க வேணும். ரத்தமும் தண்ணியும் ஒரே பக்கம் ஓடினா, கொஞ்சத் தூரத்தில ரெண்டிலயும் ஒட்சிசன் சமனாகிரும், அதுக்குப் பிறகு ஒண்டும் மாறாது, பாதியோட நிண்டிரும். எதிர்ப் பக்கம் ஓடினா அப்பிடியில்ல, ஒட்சிசன் கிட்டத்தட்ட நிரம்பின ரத்தம் சந்திக்கிறது இப்பத்தான் உள்ள வந்த புதுத் தண்ணிய, ஒட்சிசன் இல்லாத ரத்தம் சந்திக்கிறது வெளிய போகப்போற தண்ணிய, அதால ஒவ்வொரு இடத்திலயும் தண்ணியில கொஞ்சம் கூட, ரத்தத்தில கொஞ்சம் குறைவு, கடைசி வரைக்கும் ஒட்சிசன் ரத்தத்தின்ட பக்கமே வந்துகொண்டிருக்கும். இப்பிடி சில மீன்கள் தண்ணியில இருக்கிற ஒட்சிசன்ல 80 சதவீதம் வரைக்கும் எடுத்திரும். நாங்க இழுக்கிற மூச்சில எடுக்கிறது 25 சதவீதம் அளவுதான். மூச்சு விடுறதில மீன் எங்கள விடக் கெட்டிக்காரன், ஆனா அதுக்குக் கிடைச்ச இடம் ஏழை.

அப்ப வெளிய எடுத்தா ஏன் சாகுது, காத்தில முப்பது மடங்கு ஒட்சிசன் இருக்கே? அந்த மெல்லிய தட்டுகளப் பிரிச்சுத் தாங்கிக்கொண்டிருக்கிறது தண்ணிதான். வெளிய எடுத்த உடன எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிரும், நனைஞ்ச புத்தகத்தின்ட தாள் மாதிரி. பரப்பளவு போச்சு, பிறகு காஞ்சும் போகும்.

பூ மூச்சுக்கு மட்டும் இல்ல

பின்னால வாற விஷயத்துக்கு இது தேவை. எங்களுக்கு சிறுநீரகம் செய்யிற வேலையில பெரும் பங்கு மீனுக்குப் பூதான் செய்யுது. சாப்பாட்டில இருக்கிற புரதம் உடைஞ்சா அமோனியா வரும், அது நஞ்சு. நாங்க அதை யூரியாவா மாத்தி வெளிய விடுறம், பெரும்பாலான மீன் அப்பிடியே பூ வழியா தண்ணிக்குள்ள விட்டிரும்.

உப்பும் அப்பிடித்தான். நன்னீர் மீன்ட உடம்புக்குள்ள உப்பு கூட, வெளித் தண்ணியில குறைவு, அதால பிரசாரணம் எண்டு நாங்க படிச்ச அதே விதியால தண்ணி தானாகவே உள்ள வந்துகொண்டே இருக்கும். அது தண்ணி குடிக்கத் தேவையே இல்ல, வாறதை எல்லாம் சிறுநீரா வெளியேத்தி, இழக்கிற உப்ப பூவில இருக்கிற கலங்களால தண்ணியில இருந்து திரும்ப இழுக்கும். காலிமுகத்திடலுக்கு முன்னால இருக்கிற கடல் மீனுக்கு எல்லாம் தலைகீழ், அதின்ட ரத்தத்தில இருக்கிற உப்பு கடல் உப்பில மூண்டில ஒரு பங்கு அளவுதான், அதால உடம்புத் தண்ணி வெளிய போய்க்கொண்டே இருக்கும், கடல் தண்ணிய உண்மையிலயே குடிக்கும், கூடின உப்ப பூவால வெளிய தள்ளும். சுறா வேற வழி கண்டுபிடிச்சிருக்கு, யூரியாவ ரத்தத்திலயே வச்சுக்கொண்டு கடலோட சமப்படுத்திரும். முகத்துவாரத்தில களனி கங்கை கடலோட சேர்ற இடத்தில வாழ்ற மடவை, கொடுவா மாதிரி மீன்கள் ரெண்டு முறையையும் மாத்தி மாத்திச் செய்யும்.

ஒரு சின்ன உறுப்பில மூச்சு, உப்பு, கழிவு மூண்டும் நடக்குது. அதால பூவில கை வச்சா மீன்ட முழு உடம்பிலயும் கை வச்ச மாதிரி.

எல்லா மீனும் ஒரே மாதிரி இல்ல

பேலியகொடை மீன் சந்தையில பாக்கிற கெலவல்லா, பலயா எல்லாம் சூரை இனம். அதுகள் வாயால பம்ப் அடிக்கிறதில்ல, வாயைத் திறந்துகொண்டு நீந்தும், ஓட்டத்திலயே தண்ணி பூவுக்குள்ளால போகும். நிப்பாட்டினா மூச்சு நிக்கும், அதால வாழ்நாள் முழுக்க ஓட்டம்தான்.

மற்றப் பக்கம் விரால். பேர் தெரியாத ஆள் இல்ல. விராலுக்குப் பூ இருந்தாலும் அது மட்டும் போதாது, தலைக்குள்ள காத்து எடுக்கிற அறை ஒண்டு இருக்கு, மேல வந்து காத்துக் குடிச்சே ஆக வேணும். வலைக்குள்ள சிக்கி மேல வர ஏலாமப் போனா வளர்ந்த விரால் தண்ணிக்குள்ள மூழ்கிச் செத்திரும், மீன் தண்ணியில மூழ்கிறது எண்டது பகிடி இல்ல, உண்மை. பனையேறி எண்ட மீனுக்கும் தலைக்குள்ள சுருள் சுருளா ஒரு உறுப்பு இருக்கு, அதால ஈரத் தரையில ஊர்ந்து ஒரு குட்டையில இருந்து மற்றதுக்குப் போகும். மீன் தொட்டியில ஃபைட்டர் மீன் சின்னப் போத்தல்லயும் உயிரோட இருக்கிறதுக்கும் இதே உறுப்புத்தான் காரணம் (அதுக்காக அப்பிடிப் போத்தல்ல வச்சு வளக்கிறது சரி எண்டு இல்ல, அமோனியா அங்கயும் சேரும்). டேங்க் கிளீனர் மீன் எண்டு வாங்கிப் பெருத்த பிறகு கொண்டுபோய் கெனாலுக்குள்ள விடுறாங்களே, அது வயித்தாலயே காத்திலருந்து ஒட்சிசன் எடுக்கும். எங்கட மீன் மூச்சு முட்டுற தண்ணியில அது சுகமா இருக்கிறதுக்கு அது ஒரு முக்கியமான காரணம், தயவு செய்து அதை விடாதீங்க.

நடுவில நிக்கிறது திலாப்பியா, கனபேர் ஜப்பான் மீன் எண்டு சொல்றது. ஆப்பிரிக்க மீன், 1952ல இலங்கைக்குக் கொண்டுவந்தது. அதுக்குக் காத்து எடுக்கிற உறுப்பு இல்ல, ஆனா ஒட்சிசன் குறைஞ்சா தண்ணியின்ட ஆக மேல் படைக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு நிக்கும். காத்துப் படுற அந்த மெல்லிய படையில மட்டும் கொஞ்சம் ஒட்சிசன் இருக்கும், அதைத்தான் எடுக்குது. விடியக்காலையில மீன் கூட்டமா மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடினா, சாப்பாடு கேக்குது எண்டு பாண் போடாதீங்க. அது கடைசி முயற்சி.

பேர வாவி ஏன் விடியக்காலையில கொல்லுது

பேர வாவி போர்த்துக்கீசர் காலத்தில கோட்டையின்ட பாதுகாப்புக்காகத் தண்ணிய மறிச்சு உண்டாக்கினது. ஒரு காலத்தில 165 ஹெக்டேயர், நிரப்பி நிரப்பி இப்ப மிச்சம் 65 ஹெக்டேயர் அளவு. ஆழமும் இல்ல, ஓட்டமும் இல்ல. கங்காராம பக்கமும் கொம்பனித்தெருப் பக்கமும் நடந்தவங்களுக்கு அந்தப் பச்சை நிறம் தெரியும், மணமும் தெரியும்.

அந்தப் பச்சை, கோடிக்கணக்கான அல்கா, அதாவது தண்ணியில மிதக்கிற நுண்ணிய பாசி. மலசலக் கழிவு, வீட்டு, கடைக் கழிவு வழியா நைதரசனும் பொசுபரசும் தண்ணிக்குள்ள வந்து சேருது, வயலுக்கு உரம் போட்ட மாதிரி அல்கா பெருகுது. நற்போசணையாக்கம் எண்டு இதுக்குப் பேர், பேருக்குள்ள நல்லது இருந்தாலும் நல்ல விஷயம் இல்ல.

இனி ஒரு நாள் எப்பிடிப் போகுது எண்டு பாருங்க.

1. பகல்ல வெயில் அடிக்கும், அல்கா ஒளித்தொகுப்பு செய்யும், தண்ணிக்குள்ள ஒட்சிசன் கொட்டும். பின்னேரம் 3 மணிக்கு அளந்தா லீட்டருக்கு 8 மில்லிகிராம் தாண்டி 12, அதுக்கு மேலயும் காட்டலாம். வாசிச்சா உலகத்திலயே நல்ல தண்ணி மாதிரி இருக்கும்.

2. பொழுது பட்டா ஒளித்தொகுப்பு நிக்கும். ஆனா அல்காவும் உயிர்தானே, அதுவும் மூச்சு விடும். இப்ப மீன், அல்கா, அடிச் சேத்தில கழிவ உக்க வைக்கிற பக்றீரியா மூண்டும் ஒரே பானையில கை வைக்குது, பானைக்குள்ள புதுசா ஒண்டும் விழுறதில்ல. காத்து அடிச்சு அலை எழும்பினா மேலால கொஞ்சம் கலக்கும், இரவில அதுவும் குறைவு.

3. விடியிறதுக்குக் கொஞ்சம் முன்னுக்கு ஒட்சிசன் ஆகக் குறைஞ்ச இடத்துக்கு வரும். லீட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தா பெரும்பாலான மீனுக்குப் பரவாயில்ல, 2க்குக் கீழ போனா கனவகை மீனுக்கு உயிர்ப் போராட்டம். நல்ல வெயில் நாள் எண்டா சூரியன் வந்து காப்பாத்தும். ரெண்டு மூண்டு நாள் மூடிக்கட்டின மப்பு எண்டா பகல்லயும் வரவு இல்ல, மூண்டாவது நாள் காலையில மீன் மிதக்கும்.

4. அல்கா கூட்டமா ஒரேயடியா செத்தா இன்னும் மோசம், ஒட்சிசன் தாறதும் நிக்கும், செத்த அல்காவ உக்க வைக்க பக்றீரியா இருக்கிற ஒட்சிசனையும் எடுக்கும்.

அதாவது அண்டைக்கு ஒருத்தரும் எதுவும் ஊத்தியிருக்கத் தேவையில்ல. வருஷக்கணக்கா ஒவ்வொரு நாளும் ஊத்தினதுதான் அண்டைக்குக் காலையில கணக்குப் பாக்குது. "ஒட்சிசன் குறைவு" எண்டு சொன்ன உடன இயற்கையா நடந்தது, ஒருத்தரிலயும் பிழை இல்ல எண்டு சில பேர் எடுத்துக்கொள்றாங்க, அதை என்னால ஏற்க ஏலாது. கழிவு வராட்டி இவ்வளவு அல்கா வராது, அல்கா இல்லாட்டி இந்த விடியக்காலை இல்ல.

மழை ஏன் உதவாது?

மழைத் தண்ணி சுத்தம்தான், ஆனா வாவிக்கு வாறது வானத்தில இருந்து நேரா விழுறது மட்டும் இல்ல. கொழும்பில கொஞ்ச நாள் காஞ்சு கிடந்து ஒரு பெரிய மழை பெஞ்சா, ரோட்டில, கானில, குழாயில சேர்ந்த ஊத்தை எல்லாம் ஒரே மூச்சில வந்து விழும், அதை உக்க வைக்க பக்றீரியாவுக்கு ஒட்சிசன் வேணும். அது ஒண்டு.

மற்றது அடிச் சேறு. வருஷக்கணக்கா சேர்ந்த அந்தக் கறுத்த சேத்துக்குள்ள ஒட்சிசன் இல்ல, ஐதரசன் சல்பைட்டு இருக்கும், கூழ்முட்டை மணம் அதாலதான். வெயில்ல மேல் தண்ணி சூடாகி லேசா இருக்கும், அடித் தண்ணி அடியிலயே கிடக்கும். குளிர்ந்த மழையும் காத்தும் வந்து ரெண்டையும் கலக்கினா, ஒட்சிசன் இல்லாத தண்ணி மேல வரும், ஐதரசன் சல்பைட்டும் கூட வரும், அது மிகக் குறைஞ்ச அளவிலயே மீனுக்கு நஞ்சு. வெள்ளவத்தை, கிருலப்பனை கெனால்லயும் இதே கதைதான், மேல ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தா காத்தும் வெளிச்சமும் கூட உள்ள போகாது.

பின்னேரத்தில வாற இன்னொரு ஆபத்து

அல்கா பகல்ல தண்ணியில இருக்கிற காபனீரொட்சைட்ட இழுத்து எடுக்க எடுக்க தண்ணியின்ட பி.எச் பெறுமானம் (அமிலமா காரமா எண்டு காட்டுற அளவு) ஏறும். பி.எச் 7ல இருக்கும்போது தண்ணியில இருக்கிற அமோனியாவில 100ல ஒரு பங்கு கூட நஞ்சு வடிவத்தில இருக்காது, மற்றதெல்லாம் அமோனியம் எண்ட பாதகம் குறைஞ்ச வடிவம். பி.எச் 9க்கு ஏறினா மூண்டில ஒரு பங்குக்கும் மேல நஞ்சாகிரும். மொத்தத்தில ஒரு துளி கூடச் சேரல்ல, ஆனா காலையில தாங்கக்கூடியதா இருந்த தண்ணி பின்னேரம் தாங்க ஏலாததாகுது. மீன் தன்ட அமோனியாவ பூவால வெளிய விடவும் கஷ்டப்படும், ஏனெண்டா வெளியயும் அதுவே நிறைஞ்சிருக்கு.

அப்ப நஞ்சா, மூச்சு முட்டலா?

கண்ணால பாத்து முடிவு சொல்ல ஏலாது, ஆனா சில அடையாளம் உதவும்.

1. எத்தனை மணிக்குச் சாகத் தொடங்கினது? விடியக்காலை எண்டா ஒட்சிசன் குறைவில சந்தேகம் கூட. பட்டப்பகல்ல, நல்ல வெயில்ல திடீரெண்டு எண்டா வேற காரணம் தேட வேணும்.

2. என்ன அளவு மீன்? ஒட்சிசன் குறைஞ்சா பெரும்பாலும் பெரிய மீன் முதல்ல போகும், சின்னது மேல் படையில கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். நஞ்சு பெரிசு சின்னது பாக்காது.

3. என்ன வகை? விரால், பனையேறி, டேங்க் கிளீனர் உயிரோட திரிஞ்சு மற்றது மட்டும் செத்திருந்தா அது ஒட்சிசன். காத்தில மூச்சு விடுற இந்த மீன்களும் சேர்ந்து செத்துக் கிடந்தா கட்டாயம் நஞ்சு பற்றி விசாரிக்க வேணும்.

4. வாவி முழுக்கவா, ஒரு கான் வாய்க்குப் பக்கத்தில மட்டுமா?

கடல்ல நடந்ததையும் இதோட வச்சுப் பாக்கலாம். 2021 மே மாசம் கொழும்புக்கு வெளிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடிச்சு ஜூன் 2ல மூழ்கத் தொடங்கினது, 25 தொன் நைத்திரிக் அமிலமும் 1,680 தொன் அளவு பிளாஸ்டிக் குறுணியும் அதில இருந்தது. செத்து ஒதுங்கின மீன் சிலதில வாய்க்குள்ளயும் பூவுக்குள்ளயும் அந்தக் குறுணி சிக்கியிருந்த படம் கனபேருக்கு நினைவிருக்கும். தண்ணியில ஒட்சிசன் இருந்தாலும் பூவுக்குள்ள குறுணி அடைச்சா மூச்சுக்கு வழியில்ல.

வீட்டுத் தொட்டிக்கும் இதே கணக்கு. பைப் தண்ணியில இருக்கிற குளோரீன் பூவத்தான் முதல்ல எரிக்கும், அதால ஒரு நாள் அகலமான வாளியில திறந்து வச்சிட்டு ஊத்துறது.

செத்து மிதக்கிற மீனை எடுத்துச் சமைக்கவோ விக்கவோ கூடாது, எந்தக் காரணத்தால செத்திருந்தாலும். இப்பிடியான வாவியில வளர்ற நீலப்பச்சை அல்காவில சில வகை ஈரலைத் தாக்கிற நஞ்சு செய்யும், சமைச்சாலும் அது போகாது.

கடைசியா அளவெடுக்கிற நேரம். மீன் செத்தது காலை 5 மணிக்கு, அதிகாரிகள் வந்து தண்ணி எடுத்தது 11 மணிக்கு எண்டு வைங்க, அதுக்குள்ள வெயில் ஏறி அல்கா அஞ்சு மணித்தியாலம் அளவு வேலை செய்திருக்கும், அறிக்கையில ஒட்சிசன் 7 எண்டு வரும், அந்த 7 உண்மைதான், ஆனா செத்த மீன் அந்த 7ஐப் பாக்கல்ல. அதால அடுத்த முறை அறிக்கை வந்தா இலக்கத்துக்குப் பக்கத்தில எத்தனை மணி எண்டு எழுதியிருக்கா எண்டு முதல்ல பாருங்க, இல்லாட்டி கேளுங்க.